மணப்பெண் புடவை, ரவிக்கை, ரிசப்ஷன் உடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்களும், கூடவே வரும் அம்மா, சித்தி, அத்தைமார்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் அதிகம் பார்ப்பது தமிழ்நாட்டு இந்துக் கல்யாணங்கள். சர்ச் கல்யாணத்துக்கும் ஒரு கேள்வி உண்டு.

முதல்ல ஒண்ணு சொல்லுங்கக்கா, மொத்தம் எத்தனை புடவை எடுக்கணும்?

உங்கள் வீட்டு வழக்கம்தான் முடிவு செய்யும். பொதுவாக நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு இரண்டு. மணமேடைக்கு முதலில் வரும்போது பெண் வீட்டுப் புடவை. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் கூறைப்புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்த பிறகு தாலி. சில வீடுகளில் ஒரே புடவையோடு முடிந்துவிடும். நலங்குக்கும் மறுவீட்டுக்கும் புதிதாக எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

கணக்குப் போடும்போது புடவை விலையை மட்டும் எழுதாதீர்கள். ஃபால்ஸ், குஞ்சம், ஆரி வேலை (ரவிக்கையில் கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி), தையல் கூலி, மடிப்புக் கூலி, கட்டிவிடுபவர் கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசி வாரத்தில் கையைக் கடிப்பது இவைதான்.

இப்போ என்ன கலர் ஓடுது?

பிஸ்தா, பீச், லாவண்டர், வெளிர் ரோஜா, சந்தன நிறம், ஐவரி. மொத்தத்தில் பேஸ்டல். 2017 டிசம்பரில் இத்தாலியில் நடந்த கல்யாணத்தில் இந்தி நடிகை அனுஷ்கா சர்மா டிசைனர் சப்யசாச்சியின் வெளிர் ரோஜா லெஹங்காவில் வந்தார். வட இந்தியாவில் சிவப்பை விட்டு விலக அது பெரிய தைரியம் கொடுத்தது. அங்கிருந்து நம் பட்டுக்கும் வந்துவிட்டது. அதற்கு முன் நம் முகூர்த்தப் புடவை என்றால் அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கொஞ்சம் துணிந்தால் எம்.எஸ். ப்ளூ (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வந்த நீலம்).

சிவப்பு போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். 2022 ஜூனில் மகாபலிபுரத்தில் நயன்தாரா முழுச் சிவப்பில்தான் நின்றார். இப்போது நெசவுக்குச் சொல்லி வாங்குபவர்கள் பலர் கேட்பது உடல் வெளிர் நிறத்திலும் கரையும் முந்தியும் அரக்கிலோ கரும்பச்சையிலோ உள்ள புடவை. வீட்டுப் பெரியவர்களுக்கும் மணப்பெண்ணுக்கும் நடக்கும் சண்டையை இந்த ஜோடி ஓரளவு தீர்த்து வைக்கிறது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன், இனி வரும் பதில்களிலும் இதுவே தலைகாட்டும்: ஃபேஷனை ரவிக்கையில் காட்டுங்கள், புடவையில் அடக்கி வாசியுங்கள். ரவிக்கையை மூன்று வருடம் கழித்து வேறு மாதிரி தைத்துக்கொள்ளலாம். புடவைக்கு அந்த வசதி கிடையாது.

பேஸ்டல் எடுத்தா போட்டோல வெளுத்துப் போயிடும்னு அத்தை சொல்றாங்க, நிஜமா?

அத்தை சொல்வதில் பாதி உண்மை. மேடைக்குப் பின்னால் வெள்ளைத் துணியும் வெள்ளைப் பூவுமாக அலங்காரம் செய்துவிட்டு ஐவரி புடவையும் கட்டினால் எல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும். அலங்காரம் செய்பவரிடம் புடவை நிறத்தை முன்கூட்டியே காட்டுங்கள். பச்சை இலைப் பின்னணியில் பேஸ்டல் நன்றாக எடுக்கும். கடையில் எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை தோளில் போட்டுப் பாருங்கள். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கில் எல்லாப் புடவையும் அழகுதான்.

யாரும் சொல்லாத வேறு தொல்லை ஒன்று உண்டு. அட்சதையில் மஞ்சள் இருக்கிறது. ஈரக் கையோடு தூவுவார்கள், கறை பிடிக்கும். அரக்கில் தெரியாது, பிஸ்தாவில் பளிச்சென்று தெரியும். உடனே சோப்புப் போட்டால் மஞ்சள் சிவப்பாக மாறிவிடும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம், தர்மாவரம்... என்னதான் வித்தியாசம்?

காஞ்சிபுரம் கனமானது. நூலை முறுக்கிச் சேர்த்து நெய்வதால் துணி விறைப்பாக நிற்கும், கொசுவம் படியும். ஆரணி அதைவிட லேசு, விலையும் குறைவு. நாள் முழுக்கக் கட்டியிருக்க வேண்டிய உறவுக்காரப் பெண்களுக்கு அதைத்தான் சொல்வேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள திருபுவனத்தில் சௌராஷ்டிர நெசவாளர்கள் அதிகம். அந்த ஊர்ப் புடவையின் விசிறி மடிப்பு பேர் போனது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தர்மாவரம் ஆந்திராவில், அகலக் கரைக்குப் பெயர் பெற்றது.

கடைகளில் எல்லாப் பட்டையும் ‘காஞ்சிபுரம்’ என்றே சொல்லி விற்பார்கள். எந்த ஊர் நெசவு என்று பில்லில் எழுதச் சொன்னால் பேச்சு கொஞ்சம் மெதுவாகும்.

ஒரே மாதிரி இருக்கற ரெண்டு புடவைல ஒண்ணு 18,000, இன்னொண்ணு 60,000. ஏன்?

மூன்று காரணங்கள்: கோர்வை, ஜரிகை, கைத்தறியா விசைத்தறியா என்பது.

கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோத்து நெய்வது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். பக்கத்தில் ஒருவர் துணைக்கு உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ள வேண்டும். அதாவது ஒரு புடவைக்கு இரண்டு பேர் உழைப்பு. முந்தி வேறு நிறத்தில் இருந்தால் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பிணைப்பார்கள், அதற்குப் பேட்னி என்று பெயர். உடலும் கரையும் சேரும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். கோர்வையில் அந்த இணைப்பு பல்வரிசை போல் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். கரை அவ்வளவு உறுதியாக இருக்கும், உடல் நைந்து போன பழைய புடவையில்கூடக் கரை மட்டும் முழுசாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

விலை குறைந்ததெல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. கோர்வை இல்லாத, சாதாரண ஜரிகை போட்ட பட்டும் பட்டுதான். 18,000-க்கு விற்க வேண்டியதை 60,000 சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

சில்க் மார்க் இருந்தா போதும்ல?

போதாது. மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த சில்க் மார்க் சொல்வது ஒன்றே ஒன்று: நூல் சுத்தமான பட்டு. ஜரிகை அசலா, கையால் நெய்ததா, காஞ்சிபுரத்தில் நெய்ததா என்பதற்கெல்லாம் அது பொறுப்பில்லை. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் தனி. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு தனி.

தேடி அலையப் பொறுமை இல்லையென்றால் காஞ்சிபுரம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கோ கோ-ஆப்டெக்ஸுக்கோ போய்விடுங்கள். டிசைன் மாடல் குறைவு என்று பெண்கள் முகம் சுளிப்பார்கள், அது முன்பு நிஜம், இப்போது அவ்வளவு இல்லை. தை மாதக் கல்யாணம் என்றால் தீபாவளிச் சமயத்தில் கோ-ஆப்டெக்ஸ் தரும் 30 சதவீதத் தள்ளுபடியில் எடுத்துவிடலாம்.

ஜரிகை அசலான்னு வீட்லயே கண்டுபிடிக்க முடியுமா?

அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழை, அதற்கு மேல் தங்க முலாம். நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும் என்பார்கள். போலி ஜரிகையின் உள் நூலுக்கும் சிவப்புச் சாயம் போட்டுவிட்டால் அந்தச் சோதனை என்ன ஆகும்? நம்ப முடியாது. நகைக்கடையில் தங்கத்தைப் பார்ப்பது போல ஜரிகையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்து வெள்ளி, தங்கம், செம்பு எவ்வளவு என்று காட்டும் வசதி இருக்கிறது. விலை பெரிதாக இருந்தால் அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

போன வருடம் அக்கா வாங்கிய அதே மாதிரிப் புடவை இப்போது ஏன் இவ்வளவு விலை என்று பலர் கேட்கிறார்கள். வெள்ளி விலை 2025-ல் மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அகல ஜரிகைக் கரை என்பது ஏறக்குறைய வெள்ளி வாங்குவதுதான். பட்ஜெட் இடித்தால் கரையைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். அல்லது ஜரிகையே இல்லாமல் நூல் கரை போட்ட பட்டைப் பாருங்கள், நன்றாக இருக்கும். ‘ஹாஃப் ஃபைன்’, ‘டெஸ்டட்’ என்று சொல்லி விற்கும் ஜரிகை அசல் இல்லை. அந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், தவறே இல்லை.

சாஃப்ட் சில்க், டிஷ்யூன்னு சொல்றாங்களே, முகூர்த்தத்துக்குக் கட்டலாமா?

சாஃப்ட் சில்க் என்ற பெயரில் நல்ல பட்டும் இருக்கிறது, பாலியெஸ்டரும் இருக்கிறது. முந்தி ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடை அடித்துப் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். பட்டாகவே இருந்தாலும் அதை நலங்குக்கும் மறுவீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். மணமேடையில் இத்தனை நகைக்கு நடுவே அது துவண்டு தெரியும்.

டிஷ்யூ இப்போது பெரிய மோகம். 2024 செப்டம்பரில் தெலங்கானாவின் வனபர்த்தி கோயில் கல்யாணத்தில் நடிகை அதிதி ராவ் ஹைதரியின் டிஷ்யூ உடையைப் பார்த்ததிலிருந்து படத்தைக் காட்டிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஊடை, அதாவது குறுக்கு நூல், முழுவதும் ஜரிகை என்பதால் மின்னும். மடித்த இடத்தில் சுருக்கம் நிற்கும், குத்தும், சில வருடத்தில் மடிப்பில் கிழியும். மாலை நேரத்தில் நின்றுகொண்டே இருக்கும் ரிசப்ஷனுக்குச் சரி. மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழ வேண்டிய முகூர்த்தத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆரி ப்ளவுஸ் எப்போ குடுக்கணும்? எங்க வேலை போடச் சொல்லணும்?

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே துணி கைக்கு வந்துவிட வேண்டும். ஆரி வேலை தைத்த ரவிக்கையில் போடுவதில்லை. அளவெடுத்து, துணியில் கழுத்தும் கையும் வரைந்து, ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, வேலை முடிந்த பிறகுதான் வெட்டுவோம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் எல்லா ஆரிக்காரர்களும் ராத்திரி முழுக்க வேலை பார்ப்பார்கள். கடைசி நேரத்தில் கொடுத்தால் தைக்க வேண்டிய கல்லைப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். அது ஒரு வியர்வைக்குத் தாங்காது.

எங்கே வேலை போடுவது என்பதுதான் முக்கியம். முன்கழுத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். மாலையும் காசு மாலையும் மாங்காய் மாலையும் விழுந்த பிறகு அங்கே ஒன்றும் தெரியாது. தாலி கட்டும்போது எல்லா கேமராவும் பின்கழுத்தில்தான் நிற்கும். அடுத்தது கை, கையைப் பிடித்துக் கொடுக்கும் படம் இருக்கிறதே! இந்த இரண்டு இடத்திலும் தாராளமாகப் போடலாம். இடது தோளில் புடவையைப் பின் குத்தும் இடத்திலும், கையின் உள்பக்கத்திலும் மட்டும் கல்லும் மணியும் வேண்டவே வேண்டாம். பட்டு இழையை இழுத்து இழுத்துப் புடவையைக் கெடுத்துவிடும்.

முதுகுல எங்க ரெண்டு பேர் படத்தையும் போடலாம்னு ஆசை. நீங்க என்ன நினைக்கறீங்க?

போட்டுத் தருவோம். முகச்சாயல் வர நல்ல கை வேண்டும், சாதாரணக் கை போட்டால் யாரோ மாதிரி இருக்கும். அதைவிட, அந்த ரவிக்கையை அப்புறம் எந்த விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு போவீர்கள்? பெயர்களின் முதல் எழுத்து, கல்யாணத் தேதி, உங்கள் ஊர்க் கோபுரம் என்று சின்னதாகக் கையில் வைத்தால் பிறகும் உதவும்.

இப்போ அளவு குடுத்துட்டு கல்யாணத்துக்குள்ள இளைச்சுட்டா?

எல்லோரும் இளைப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், விருந்து சாப்பிட்டு அளவு கூடி வருபவர்களும் உண்டு. பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இரண்டு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். ஆரி வேலையைப் பக்கத் தையல் வரை ஓட்டினால் பிரித்துத் தைக்க முடியாது, அதனால் ஓரத்தில் வெற்றிடம் விட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை போட்டுப் பாருங்கள். நின்று மட்டும் பார்த்தால் போதாது. கையை மேலே தூக்குங்கள், குனியுங்கள், தரையில் உட்காருங்கள்.

புடவையை முன்னாடியே மடிச்சு வெக்கற ப்ரீ ப்ளீட்டிங் தேவையா?

முகூர்த்தத்தில் கூறைப்புடவையை மாற்றக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஐயர் வேறு அவசரப்படுத்துவார். கொசுவமும் முந்தி மடிப்பும் இஸ்திரி போட்டுக் கிளிப் குத்திப் பெட்டியில் தயாராக இருந்தால் சீக்கிரம் கட்டிவிடலாம். எனவே கூறைப்புடவைக்குத் தேவை, மற்றவை உங்கள் விருப்பம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு செய்தால் போதும். ஒரு மாதம் முன்பே மடித்துக் கிளிப்போடு வைத்தால் ஜரிகையில் தடம் விழுந்துவிடும். ஆனால் கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டில் அல்லவா இருக்கும்? முன்கூட்டியே வாங்கி மடிப்பதில் அவர்கள் வீட்டுக்குச் சம்மதம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் தட்டில் வைப்பதற்கு முன் பிரிக்கக் கூடாது என்பார்கள்.

மீன் வால் மாதிரி ஒட்டிப் பிடிக்கும் சாரி ஷேப்பர் ரிசப்ஷனுக்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு சம்மணம் போட முடியாது. முகூர்த்தத்துக்கு நாடா வைத்த பருத்திப் பாவாடைதான் கனத்தைத் தாங்கும். பின் குத்தும்போது அதில் ஒரு பாசிமணியைக் கோத்துக்கொண்டு குத்தினால் பட்டு கிழியாது.

ரிசப்ஷனுக்கு லெஹங்கா எடுக்கவா, வாடகைக்கு எடுக்கவா?

வாடகை. பெரிய வேலைப்பாடு போட்ட லெஹங்காவை இரண்டாவது முறை போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முன்பணம் எவ்வளவு, கறை பட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், ரவிக்கையை உங்கள் அளவுக்குப் பிடித்துத் தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். எடுக்கும் அன்றே உடையை எல்லாப் பக்கமும் போனில் படம் பிடித்து வையுங்கள். ஒட்டியாணம், வங்கி, ஜடை பில்லை, நெத்திச்சுட்டி என்று கோயில் நகை செட்டும் வாடகைக்குக் கிடைக்கிறது. இதே கவனம் அதற்கும்.

எனக்கு சர்ச்ல கல்யாணம். வெள்ளைப் பட்டா, கவுனா?

வெள்ளைக் கவுன் 1840-ல் விக்டோரியா ராணி உடுத்தியதிலிருந்து பரவிய பழக்கம். நம் ஊர் சர்ச்சுகளில் வெள்ளைப் பட்டும் தலையில் மெல்லிய முக்காடும் வெகுநாளாக நடப்பில் இருக்கிறது, கவுனும் நடக்கிறது. பட்டு என்றால் தூய வெள்ளையில் வெள்ளி ஜரிகை, ஐவரியில் தங்க ஜரிகை. மாற்றிச் சேர்த்தால் ஒன்று அழுக்காகத் தெரியும். ரவிக்கையின் உள்துணி வெள்ளையில் வேண்டாம், தோல் நிறத்தில் போடச் சொல்லுங்கள். வெள்ளைக்குள் வெள்ளைதான் கோடு கோடாக வெளியே தெரியும்.

மாப்பிள்ளை சட்டையும் அதே கலர்ல எடுக்கணுமா?

வேஷ்டிக் கரையும் புடவைக் கரையும் ஒத்துப்போனால் போதும். அவரையும் லாவண்டரில் முக்கி எடுக்க வேண்டாம்.

அம்மாவோட கல்யாணப் புடவையைக் கட்டலாம்னு இருக்கேன். தாங்குமா?

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடுகளில் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தால் பட்டு நைந்துவிட்டது. மணையில் உட்கார்ந்து எழும்போது பின்பக்கம் கிழியும். அப்படி இருந்தால் நிச்சயத்துக்கோ ரிசப்ஷனுக்கோ கட்டுங்கள். உள்பக்கம் மெல்லிய வலைத் துணி வைத்துத் தைத்தால் ஒரு மாலைக்குத் தாங்கும். உடல் போய்க் கரை நன்றாக இருந்தால், கோர்வை பற்றி மேலே சொன்னேனே, அந்தக் கரையைப் பிரித்துப் புது ரவிக்கைக்கு வைக்கலாம்.

பழைய பட்டை எடுத்துக்கொள்ள வரும் வியாபாரிகளிடம் போட்டுவிடும் முன் யோசியுங்கள். அவர்கள் பார்ப்பது ஜரிகையில் உள்ள வெள்ளியை. அம்மா காலத்துப் புடவையில் அது தாராளமாக இருக்கும், அவர்கள் சொல்லும் முதல் விலை அதைக் காட்டாது.

முந்தில எங்க பேரை நெய்து வாங்கலாமா? இன்ஸ்டால பார்த்தேன்.

முடியும். கீர்த்தி சுரேஷ் 2024 டிசம்பர் கோவா கல்யாணத்தில் கட்டிய மடிசார் புடவையில் அவரே எழுதிய கவிதையை நெய்திருந்தார்கள். 2008-ல் சென்னை சில்க்ஸ் ரவிவர்மா ஓவியங்களையே நெய்து கிட்டத்தட்ட 40 லட்ச ரூபாய்க்கு விற்று கின்னஸில் ஏறியது! உங்களுக்குத் தேவை இரண்டு பெயர்தான். டிசைன் தயாரித்துத் தறியில் ஏற்ற வேண்டும் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். எழுத்துப்பிழையை நெசவுக்கு முன் நீங்களே பாருங்கள். முந்தியின் வெளி ஓரத்தில் பெரிதாக வேண்டாம், உள்பக்க மூலையில் சின்னதாகப் போடச் சொல்லுங்கள்.

அவங்க வீட்ல எடுத்த கூறைப்புடவை எனக்குப் பிடிக்கவே இல்லை. என்ன பண்றது?

இது அதிகம் வரும் கேள்வி, மெதுவாகக் கேட்பார்கள். எடுக்கும் முன்பே என்றால் மாப்பிள்ளையை விட்டு “அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம்மா” என்று சொல்லச் சொல்லுங்கள். இப்போது பல வீடுகளில் பெண்ணை அழைத்துக்கொண்டுதான் போகிறார்கள். எடுத்தாகிவிட்டது, மாற்றக் கேட்டால் மனஸ்தாபம் வரும் என்றால் புடவையை விட்டுவிட்டு ரவிக்கையில் கை வையுங்கள். கூடவே வரும் ரவிக்கைத் துணியைத் தைக்காமல், புடவையில் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு இழையின் நிறத்தில் தனிப் பட்டு எடுத்து, பின்கழுத்திலும் கையிலும் நல்ல வேலை போட்டுப் பாருங்கள். அழுக்குப் பச்சை என்று அழுதுகொண்டு வந்த புடவைக்கு அரக்கு ரவிக்கை போட்டதும் பெண்ணின் முகமே மாறியதைப் பார்த்திருக்கிறேன். மாமியாரிடம் பேச வேண்டியது ரவிக்கைத் துணியை மாற்றுவது பற்றி மட்டும்தான், அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கல்யாணம் முடிஞ்சதும் பீரோல வெச்சுட்டா போதுமா? மறுபடி கட்டினா கண்ணுபடும்னு வேற சொல்றாங்க.

கட்டுங்கள். ஆலியா பட் கல்யாணத்தில் கட்டிய புடவையையே 2023-ல் தேசிய விருது வாங்கக் கட்டிக்கொண்டு போனார். சமந்தா கல்யாண கவுனைக் கறுப்பு உடையாகவே மாற்றிப் போட்டார். உங்கள் கொழுந்தன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவையைச் சாதாரண ரவிக்கையோடு கட்டினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

வைப்பதற்கு முன் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள், ஹோமப் புகையும் வியர்வையும் போகட்டும். ஜரிகை மேல் சென்ட் அடித்திருந்தால் அந்த இடம் கறுக்கும், அடுத்த முறையாவது அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், துவைத்த பருத்தி வேஷ்டித் துணியில் சுற்றுங்கள். பாச்சா உருண்டை ஜரிகையில் படக் கூடாது. கம்பி ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள். ஆரி ரவிக்கையைப் புடவைக்குள் சேர்த்துச் சுற்றாமல் தனியாக, வேலை உள்பக்கம் வரும்படி திருப்பி வையுங்கள்.